எது நம்ம பாலன்?

ஓசூரில் இருக்கும் என் சண்டைக்காரனுக்கு, ஊரில் இருக்கும் உன் சேட்டைக்காரி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வாய்க்கொழுப்பு. இரண்டும் மருந்துக்கு அடங்காதவை என்று உனக்கே தெரியும்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. பாப்பாவுக்கு நம்ம கோயிலில் ஞானஸ்நானம் எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று ஆசையாகக் கேட்டேன். "சாமியையே ரெண்டா பிரிச்சி வெச்சிருக்கிற கோயில்ல எம்பொண்ணு தலையில தண்ணி ஊத்த உட மாட்டேம்மா. இங்கயே பாத்துக்கறோம். நீயும் அப்பாவும் கெளம்பி வந்துடுங்க" என்றாய். வழக்கமாக நீ ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொல்வேன். அன்றைக்கு வாய் வரவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்தினாய். சிக்னல் இருந்தது, பதில்தான் இல்லை. இப்போது இருக்கிறது. அதனால்தான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற நம்ம ஜெராக்ஸ் கடையில், ஆள் வராத மத்தியான நேரத்தில், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். ஃபாதர் இதை நம்ம கோயில் பத்திரிகையான பங்கு மலரில் போடலாமா என்று கேட்டிருக்கிறார். ஊரே படிக்கட்டும், எனக்கென்ன. ஆனால் முதலில் நீ படி.

உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நாளைக்குப் பாப்பா வளர்ந்து இதைப் படித்தால் அவளுக்குப் புரிய வேண்டும் இல்லையா. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் நம்ம ஊரில் கேரல் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். டிரம் ஒன்று, மூங்கிலில் கட்டின ஸ்டார் ஒன்று, மூச்சு முட்டுகிற முகமூடியோடு கிறிஸ்மஸ் தாத்தா ஒருத்தர். எல்லோருக்கும் முன்னால் ஒருவர் குழந்தை இயேசுவின் சொரூபத்தை, அதாவது பாலனை, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடப்பார். வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பாலனுக்கு முத்தி செய்வார்கள். முத்தி என்றால் வேறொன்றும் இல்லை, முத்தம்தான். கோயில் பாஷையில் கொஞ்சம் இஸ்திரி போட்டது. அங்கேதான் சிக்கல். காலனிக்காரர்களின் வாய் பட்ட இடத்தில் ஊர்த்தெருக்காரர்களின் வாய் படலாமா? கும்பிட ஒரு சாமி போதும் என்று ஒத்துக்கொண்டவர்களுக்கு முத்தம் கொடுக்க ஒரு சாமி போதவில்லை. அதனால் நம்ம கோயிலில் இரண்டு பாலன். ஒரே அச்சில் வார்த்தவை, ஒரே அளவு. ஊர்த்தெருப் பாலனுக்குப் பட்டுத்துணி, நம்ம காலனிப் பாலனுக்கு வெள்ளைத்துண்டு. இரண்டு கேரல் குழு, இரண்டு டிரம், பாடுவது மட்டும் ஒரே பாட்டு. இயேசு பிறந்தபோது இடையர்களும் ராஜாக்களும் ஒரே மாட்டுக்கொட்டாய்க்குத்தான் வந்தார்கள், எங்களுக்குத் தனிக் குழந்தை வேண்டும் என்று அவர்களில் யாரும் கேட்டதாக பைபிளில் இல்லை. திருவக்கரையில் மரம் கல்லாகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறாயே, யாரும் அசைக்காமல் கிடந்து கிடந்து ஆனது. வழக்கமும் அப்படித்தான் கல்லாகிறது.

நீ ஒன்பதாவது படிக்கும்போது பாலனை ஏந்துகிற முறை உனக்கு வந்தது. என் நைட்டியைத் துவைக்கவே மூக்கைச் சுளிப்பவன், அன்றைக்கு அந்த வெள்ளைத்துண்டை நீயே துவைத்து நீயே காயப்போட்டாய். காலனிக்குப் போகிற வழியில் ஊர்த்தெருவின் கடைசி வீட்டு அம்மா, அவர்கள் குழு என்று நினைத்துக்கொண்டு, "வாங்கடா, வாங்கடா" என்று கூப்பிட்டது. நீ சந்தோஷமாகப் படியேறிவிட்டாய். அந்த அம்மா குனிந்தது. எதிர்வீட்டிலிருந்து அந்தோணிசாமி, அப்போது அவர் பங்குத் தலைவர் ஆகவில்லை, ஓடி வந்து அந்த அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தார். "யக்கா, துண்டப் பாருக்கா. அது அந்தப் பாலன்!" என்றார். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உன்னைப் பார்க்கவும் இல்லை. நீ வீட்டுக்கு வந்து, "அந்தப் பாலன்னா இன்னாம்மா அர்த்தம்?" என்று கேட்டாய். நான்தான் எல்லாவற்றுக்கும் ஜோக்கு வைத்திருப்பவள் ஆயிற்றே. "மாதாவுக்கு ரெட்டைப் புள்ளைடா. அந்தக் காலத்துல ஸ்கேன் கெடையாது, அதான் ஒருத்தருக்கும் தெரியாம போச்சி" என்றேன். நீ சிரிக்கவில்லை. அதற்கப்புறம் எந்த வருஷமும் நீ பாலனைத் தொடவில்லை.

இந்த வருஷம் புது ஃபாதர் வந்திருக்கிறார். தெற்கத்திப் பையன், மீசை இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. வந்த புதிதில் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்க்கா ரெண்டு பாலன்? ஒண்ணு ஸ்டெப்னியா?" என்று கேட்டார். "ஆமா ஃபாதர், இந்த ஊரு அடிக்கடி பஞ்சர் ஆவும்" என்றேன். அவர் அதை ஜோக்கு என்று எடுத்துக்கொண்டார், நானும் விட்டுவிட்டேன். இரண்டு பாலனுக்கும் பெயிண்ட் உரிந்து, அம்மை போட்ட மாதிரி இருந்தது. "நீங்கதான் தினம் திண்டிவனம் போறீங்களே, ரெண்டையும் குடுத்து கலர் அடிச்சிக் கொண்டாங்க" என்றார். இதுவரைக்கும் ஊர்த்தெருப் பாலனை ஊர்த்தெரு ஆள்தான் எடுத்துப் போவார், நம்மதை நாம். அது அவருக்குத் தெரியாது. கோயிலைக் கவனித்துக்கொள்கிற கோயில்பிள்ளை சவரி அண்ணனுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவருக்கு ஜுரம். படுத்தபடியே இரண்டு துணியையும் அவிழ்த்துத் துவைக்கப் போட்டுவிட்டு, இரண்டு பாலனையும் என் கட்டைப்பையில் வைத்து அனுப்பிவிட்டார். பஸ்ஸில் கண்டக்டர் பையை எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ரெட்டைப் புள்ளையா? மடியில வெச்சிக்க, டிக்கெட் வாணாம்" என்றார். உனக்கு நான் சொன்ன அதே ஜோக்கு. வேறொருத்தர் வாயால் கேட்டபோதுதான், அது எவ்வளவு மோசமான ஜோக்கு என்று தெரிந்தது.

திண்டிவனத்தில் பாஷா பாயைத் தெரியும் இல்லையா, கடை போர்டு எழுதுகிறவர், கோட்டக்குப்பத்து ஆள். அவரிடம்தான் கொடுத்தேன். இரண்டையும் மேசையில் நிற்க வைத்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"எதுக்கும்மா ரெண்டு?"

"ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு பாய்."

"ரெண்டும் ஒரே ஆளுதானே?"

"ஒரே ஆளுதான்."

"அப்ப ஒரே கலரு. இதுல இன்னா பேஜாரு?"

எந்தப் பேஜாரும் இல்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டார். கன்னத்தில் ஒரே ரோஸ், உதட்டில் ஒரே சிவப்பு, முடியில் ஒரே காப்பிக் கலர். பழைய பேப்பரில் சுற்றி, அதே கட்டைப்பையில் போட்டு, பஸ்ஸேறி வந்துவிட்டேன். அடடா, என் கடையில் ஒரிஜினலும் ஜெராக்ஸும் கலந்துபோனால்கூட எது எது என்று கண்டுபிடித்துவிடுவேன். இங்கே இரண்டுமே ஒரிஜினல்.

மறுநாள் சாயங்காலம் கோயிலில் சவரி அண்ணன் பேப்பரைப் பிரித்தார். ஒரு கையில் பட்டுத்துணி, ஒரு கையில் வெள்ளைத்துண்டு. அப்படியே நின்றுவிட்டார். "இதுல எது எதும்மா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? மணி அடிக்காமலேயே கூட்டம் கூடிவிட்டது. ஊர்த்தெருவிலிருந்து தலைவர் அந்தோணிசாமி பத்துப் பேரோடு வந்தார், காலனியிலிருந்து உன் அப்பாவும் மற்றவர்களும். எல்லோருடைய கண்ணும் என் மேல்தான். "இது வேணும்னே பண்ணதுதான். இவள பத்தித் தெரியாதா?" என்று ஒரு குரல் வந்தது. என்மேல் அவர்களுக்கு நம்பிக்கை வராதது நியாயம்தான். பதினாறு வயதில் ஃபாதர் ஊருக்குப் போயிருந்தபோது பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் உட்கார்ந்து, குரலை மாற்றி, என் சொந்தச் சித்தப்பாவின் பாவத்தை எல்லாம் கேட்டு, வாரம் முழுக்க பீடி பிடிக்கக் கூடாது என்று அபராதம் போட்டவள் நான். அவரும் பிடிக்காமல் இருந்தார், பாவம். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் சத்தியமாக என் கை இல்லை. "வேணும்னே பண்ணியிருந்தா இந்நேரம் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும் தலைவரே, மூஞ்சப் பாருங்க" என்றேன். அவர் பார்த்தார். என் மூஞ்சியில் நிஜமான கலவரம் இருந்ததைக் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஊர்த்தெருக்காரர் ஒருத்தர், "நம்ம பாலன் கொஞ்சம் செவப்பு" என்றார். இரண்டும் ஒரே சிவப்பு. நம்ம ஆள் ஒருத்தர் விடுவாரா? "எங்க பாலன் சிரிப்பான், அவங்க பாலன் மொறைப்பான்" என்றார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டும் சிரித்தது. நானும் அப்படித்தான் சின்ன வயதிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன், நம்ம பாலனுக்குத்தான் முகத்தில் களை அதிகம் என்று. கடைசியில், ஜுரம் விடாத சவரி அண்ணன் பெஞ்சியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "நான் ஒண்ணு சொல்றேன், யாரும் என்ன அடிக்கக் கூடாது. வருசா வருசம் துணிய அவுத்துத் துவைக்கிறவன் நான்தான். காஞ்சதும் திருப்பிச் சுத்துறவனும் நான்தான். எது எதுல இருந்துச்சின்னு நான் ஒரு வருசமும் பாத்ததில்ல. கைக்கு வந்தத எடுத்துச் சுத்துவேன்."

இத்தனை வருஷமும் வித்தியாசம் துணியில் மட்டும்தான் இருந்திருக்கிறது, துணிக்குள்ளே யார் இருந்தார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. உன் கையிலிருந்து அந்தோணிசாமி காப்பாற்றினாரே ஒரு அம்மாவை, அந்த அம்மா முந்தின வருஷம் முத்தி செய்தது எந்தப் பாலனுக்கு என்று அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். முதலில் சிரித்தது நான் இல்லை. நம்பு. ஃபாதர்தான். சிரித்துவிட்டு, தலைவர் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

இத்தோடு முடிந்தது, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்தோணிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வருசம் முத்தி வாணாம். கொரோனா காலத்துல செஞ்ச மாதிரி தூரமா நின்னு கும்பிட்டுக்கலாம். அடுத்த வருசத்துக்குள்ள எங்களுக்குப் புதுசு ஒண்ணு ஆர்டர் சொல்லிடறோம்" என்றார். பார்த்தாயா, பங்குபோடுவதைவிட முத்தமே வேண்டாம் என்று விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஃபாதர் பயந்த குரலில்தான் பேசினார், ஆனால் பேசினார்: "புதுசு வாங்குறது உங்க இஷ்டம். நான் மந்திரிக்க மாட்டேன்." மந்திரிக்காத சொரூபம் வெறும் பொம்மை. தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் மகனே, நான் உனக்குச் சொல்ல வந்ததில் முக்கியமானது இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா சாப்பிடவில்லை. எனக்கோ உள்ளுக்குள் குதியாட்டம். "இன்னாங்க, நம்ம ஜெயிச்சிட்டோம் இல்ல?" என்றேன். "இன்னாத்த ஜெயிச்ச?" என்றார். "அவனுங்க தொட உடலன்னுதான் நம்ம சனங்க வெயில்ல கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்குன கூலியில நமக்குன்னு ஒரு பாலன வாங்கினாங்க. எங்கம்மா அந்தப் பாலன மடியில வெச்சிக்கினு மாட்டுவண்டியில வந்திச்சி. அது நம்ம சாமி. இப்ப எதுன்னே தெரியாம போச்சி. இருந்த ஒண்ணும் போச்சி" என்றார். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீயும் நானும் அந்த இரண்டாவது பாலனை அவமானம் என்றே பார்த்துப் பழகிவிட்டோம். அவருக்கு அது சொத்து. நம்மை ஒதுக்கியபோது நாம் தலைகுனிந்து நிற்காமல் வாங்கிவந்த ரோஷம். ஒன்றாக ஆக வேண்டும் என்றால் அவர்கள் மட்டும் எதையோ விட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாமும் ஒன்றை விட வேண்டியிருக்கிறது, அதுவும் நாம் உழைத்து வாங்கினதை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் வலிக்கிற இடம் எது என்று தெரியாமல் ஆறிப்போச்சு, ஆறிப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன்.

கேரலுக்குக் கிளம்புகிற அன்றைக்குப் பொழுது சாயும் நேரம். கோயில் வாசலில் மேசை போட்டு, இரண்டு பாலனையும் துணி இல்லாமல் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஊர்த்தெருக் குழு, அந்தப் பக்கம் நம்ம குழு. யாரும் எடுக்கவில்லை. ஊர்த்தெருப் பையன்கள் எடுக்கவில்லை, சரி. நம்ம பையன்களும் எடுக்கவில்லை. "அவங்க எச்சி பட்டத நாங்க ஏன் தூக்கணும்?" என்று ஒருத்தன் முணுமுணுத்தான். கிறிஸ்மஸ் தாத்தா வேர்த்துக் கொட்டி முகமூடியைக் கழற்றிவிட்டார். அந்த ஸ்டாருக்குள் எரிந்த பல்பைச் சுற்றின பூச்சிகளுக்கு மட்டும்தான் அங்கே வேலை இருந்தது.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்தது. அந்தோணிசாமியின் மருமகள். பல வருஷம் குழந்தை இல்லாமல், கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இந்த வருஷம்தான் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஒரு பையன் பிறந்தான். அந்த வருஷம் குழந்தை பிறந்த வீட்டுக்குத்தான் கேரல் முதலில் போக வேண்டும், பாலனைப் பச்சைப்பிள்ளை பக்கத்தில் ஒரு நிமிஷம் படுக்கவைத்து எடுக்க வேண்டும், அதுதானே நம்ம பக்கத்து வழக்கம். அது வீட்டில் பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, பாயை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. யாரும் வராததால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கோயிலுக்கே வந்துவிட்டது.

"ஏன் எல்லாரும் செலையாட்டம் நின்னுக்கினு இருக்கீங்க?"

"எது நம்ம பாலன்னு தெரியலம்மா. இந்த வருசம் கும்பிட்டுக்கினு..." என்று அந்தோணிசாமி ஆரம்பித்தார்.

"தூரமா நின்னு கும்பிட்டுட்டுப் போவ அது இன்னா கலெக்டரா மாமா? கொழந்தை. எம்புள்ளைக்கு மொத கிறிஸ்மஸ். எனக்கு முத்தி வேணும். உங்களுக்கு வாணாம்னா போங்க, நான் காலனி டீமோட போய்க்கறேன்."

சொல்லிவிட்டு, மேசையிலிருந்து கைக்குக் கிட்டே இருந்த பாலனை எடுத்தது. எது என்று பார்க்கக்கூட இல்லை. ஒரு இடுப்பில் தன் பிள்ளை, இன்னொரு கையில் பாலன். இதன் கன்னத்தில் ஒன்று, அதன் கன்னத்தில் ஒன்று, சத்தமாகக் கொடுத்தது. பக்கத்தில் நான் நின்றிருந்தேன். "இந்தாங்கக்கா, புடிங்க, கை வலிக்குது" என்று பாலனை என்னிடம் நீட்டியது. பெயிண்ட் கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. அதே இடத்தில் நான் முத்தி செய்தேன். எதைப் பார்த்தாலும் ஒரு ஜோக்கு வருமே எனக்கு, அன்றைக்கு வரவே இல்லை. உதட்டில் பெயிண்ட் வாசனை மட்டும் இருந்தது.

இன்னொரு பாலன் மேசைமேல் தனியாக இருந்தது. அதை எடுத்தது உன் அப்பா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், இரண்டு கையாலும் தூக்கி, நேராக அந்தோணிசாமி முன்னால் போய் நின்றார். "புடிங்க தலைவரே" என்றார். "ரெண்டுல எது எங்களுதுன்னு எனக்கும் தெரியல. எதுவா இருந்தாலும் பாத்துப் பதனமா எடுத்துக்கினு வாங்க. எங்க சனங்க மல்லாட்டை புடுங்கி வாங்கினது." அந்தோணிசாமி உடனே வாங்கவில்லை. உன் அப்பாவும் கையை மடக்கவில்லை. கொத்தனார் கை, செங்கல் தூக்கின கை, அது பாட்டுக்கு நீட்டியபடி நின்றது. கடைசியில் தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாங்கினார்.

இரண்டு குழுவும் ஒன்றாகப் போனதைச் சொன்னால் நீ சிரிப்பாய். இரண்டு டிரம்மும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. நம்ம பையன்கள் பாட்டை முடித்துவிட்டார்கள், அவர்கள் இன்னும் இரண்டாவது சரணத்தில் இருந்தார்கள். ஊர்த்தெருவில் சில வீட்டில் லைட்டை அணைத்துவிட்டார்கள். அணைத்த வீட்டு வாசலில் இன்னும் சத்தமாகப் பாடச் சொன்னேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. திறந்த வீடுகள்தான் அதிகம். உன்னைக் கூப்பிட்ட அந்தக் கடைசி வீட்டு அம்மா இப்போது வாக்கர் வைத்து நடக்கிறது. முத்தி செய்துவிட்டு, "எந்தப் பையன் இது எடுத்தாந்தது?" என்று தேடியது. உன்னைத்தான் நினைத்துக் கேட்டதா, சும்மா கேட்டதா, எனக்குத் தெரியாது.

காலனியில் நம்ம வீட்டுக்கு வந்தபோது, "உங்க வீட்லயும் இந்த வருசம் கொழந்தை பொறந்துச்சே, பேத்தி எங்கக்கா?" என்று ஸ்டெல்லா கேட்டது. ஓசூரில் இருக்கிறாள் என்றேன். "வரலையா?" என்றது. "எம்பையன் இந்தக் கோயிலுக்கு வர மாட்டான்" என்றேன். "ஏன்?" என்றது. நான் ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை, அந்தோணிசாமியைப் பார்த்தேன். அவர் நம்ம வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் கையில் வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு விளங்கியது.

"அன்னைக்கி பாலன் எடுத்தாந்த பையன் உம்பையனா?"

"ஆமா தலைவரே."

"அதையே இன்னும் நெனச்சிக்கினு இருக்கானா?"

"அதையேதான்."

"நான் மறந்தே போய்ட்டேம்மா" என்றார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்திருந்தார். எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. உன் வாழ்க்கையையே திருப்பிவிட்ட ஒரு நிமிஷம், அவருக்கு ஒரு நிமிஷமாகக்கூட இருக்கவில்லை. டீ ஆறிப்போனது. அப்படியே எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "நான் போன் பண்ணி அவன்கிட்ட பேசட்டுமா?" என்று கேட்டார். "பண்ணாதீங்க, எடுக்க மாட்டான். எடுத்தாலும் நல்லா பேச மாட்டான், எம்பையன்" என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

இதற்குள் எல்லாம் மாறிவிட்டது என்று உன்னை நான் ஏமாற்ற மாட்டேன். கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் அப்படியேதான் நிற்கிறது. செத்தவர்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள், உயிர்த்தெழும்போது எகிறிக் குதிக்கச் சொல்வார்கள் போல. புதுப் பாலனுக்குக் கொடுத்த ஆர்டரைத் தலைவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரா, இன்னும் சொல்லவில்லையா என்று நான் கேட்கவில்லை. மூன்றாவதும் வந்தால் மூன்று ராஜாக்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம் என்று ஃபாதரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் கிறிஸ்மஸ் பூசையில் குடிலில் இரண்டு பாலனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் எங்கேயோ இடுக்கிக்கொண்டிருந்த கல் ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. பிரசங்க நேரத்தில் நன்றாகத் தூங்கினேன். உன் அப்பா விலாவில் இடித்தார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. ஆனால் இரண்டில் எது நம்மது என்று அவர் கண் தேடிக்கொண்டுதான் இருந்தது. தேடட்டும்.

உன் கோபத்தை விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன். அது சரியான கோபம், அதை உனக்குக் கொடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள் என்பதால் அது தப்பாகிவிடாது. செருப்பு மாதிரி அதை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்லவும் மாட்டேன், உள்ளேயே கொண்டுவா. முழங்கால் வலியோடு உன் அப்பா கொண்டுவரவில்லையா? ஆனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். விசுவாசம் என்பது எல்லாம் சரியான பிறகு போய் உட்காருகிற இடம் என்று நினைத்தால், நம்ம சனங்களில் ஒருத்தர்கூட எந்தக் கோயிலுக்கும் போயிருக்க முடியாது. நம்மைத் தொடாதே என்றவர்களுக்கு நடுவில்தான் நமக்கும் ஒரு பாலன் வேண்டும் என்று மாட்டுவண்டி ஏறிப் போனார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தேன். ஸ்டெல்லா ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. "அக்கா, உங்க பேத்திக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது நான் ஞானத்தாயா நிக்கட்டுமா?" என்றது. அது என்ன கேட்கிறது என்று உனக்குப் புரியும். ஞானத்தாய் என்றால் சும்மா பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நிற்பது இல்லை. சாகிற வரைக்கும் உறவு. நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு அது வர வேண்டும், அது வீட்டுக்கு நாம் போக வேண்டும். பாப்பா அதை அம்மா என்று கூப்பிடுவாள். அந்தோணிசாமி நமக்குச் சம்பந்தி முறைக்குக் கிட்டே வந்துவிடுவார், கடவுளே. "உங்க மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றது. "இன்னா சொன்னாரு?" என்றேன். "ஒண்ணும் சொல்லல. ஆனா வாணாம்னும் சொல்லல."

எனக்கு அந்த இடத்திலேயே சரி என்று கத்த வேண்டும் போல இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைக் கட்டினேன். அவள் என் பேத்திதான், ஆனால் உன் மகள். படியேறிப்போய்த் திரும்பி வந்தவன் நீ. "எம்பையன கேட்டுச் சொல்றேன்மா" என்றேன்.

கேட்டுவிட்டேன். நீ சொல்.